முருகப்பன் ஜெயித்த சுழற்கோப்பை

மூன்றாவது அலமாரியையும் இழுத்துத் திறந்தாள் விசாலி. பட்டுப்புடவைகள், வெள்ளிச் சாமான்கள், அவளைப் பெற்ற அப்பச்சி முருகப்பனின் காலித் தோட்டாக்கள். கோப்பை மட்டும் இல்லை. வெளியே கூடத்தில் அப்பச்சியைக் கிடத்தியிருந்தார்கள்.

“விசாலி, வாய்க்கரிசி போட வா,” என்று ஆத்தா தேனம்மை கூப்பிட்டாள்.

“இந்தா வாரேன் ஆத்தா!”

எப்படிப் போவாள்? நாளைக்குச் சிவகங்கையில் துப்பாக்கி சுடும் போட்டி. பறக்கும் களிமண் தட்டுகளை அதிகம் சுட்டு வீழ்த்துகிறவர் ஒரு வருஷம் வைத்திருக்கிற சுழற்கோப்பை அது. பர்மாவிலிருந்து திரும்பிய ஒரு செட்டியார் செய்துகொடுத்த வெள்ளி. சுற்றிலும் அறுபது வருஷத்துப் பெயர்கள். போன வருஷத்தையும் சேர்த்து அப்பச்சி பெயர் நான்கு இடத்தில். “நான் இல்லாட்டியும் கோப்பையக் கிளப்புல சேத்துரு,” என்று ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கிளப் செயலாளர் அசன் முகம்மது வாசலிலேயே நிற்கிறார். பாழாய்ப்போன கோப்பை எங்கேதான் போய்த் தொலைந்தது?

பரணையும் உருட்டிவிட்டு வந்தபோது பாடை தெருமுனையைத் தாண்டியிருந்தது.

“அயித்தை, மேசைல இருந்த கோப்பையப் பாத்தீகளா?”

“ரெண்டு காது வச்ச வெள்ளிக் கிண்ணமா?” என்றாள் அத்தை கல்யாணசுந்தரி. “அதுலதான வாய்க்கரிசி வச்சேன். மிச்சத்த அப்படியே சுடுகாட்டுக்குக் குடுத்து விட்டேன்.”

“ஆத்தாடி! அது கிளப்போடது அயித்தை!”

“சுடுகாட்டுக்குப் போன ஏனம் வீட்டுக்குத் திரும்பக் கூடாதுடி.”

செருப்புக்கூடப் போடாமல் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். பொம்பளை அங்கே போவதா என்று யாரோ கத்தினார்கள். கத்தட்டும்.

சுடுகாட்டில் பிணம் எரிக்கும் மருதுபாண்டியின் கையில் கோப்பை இருந்தது. அசன் முகம்மது பக்கத்திலேயே நின்றார்.

“மன்னிச்சுருங்க மாமா, தெரியாம...”

“வீட்டுக்குத்தானம்மா வரக் கூடாது? நான் இப்படியே போட்டிக்குக் கொண்டு போறேன். மருதுபாண்டிகிட்டயும் சொல்லிட்டேன்.”

விசாலிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கை நீட்டினாள். மருதுபாண்டி கொடுக்கவில்லை.

“அரிசியோட தரப்படாது தாயி. இன்னும் போடாதவுக யாரும் இருக்கீகளா?”

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து அப்பச்சி முகத்தையே அவள் பார்க்கவில்லை.

“நான் போடல,” என்றாள்.

கோப்பைக்குள் கைவிட்டு வழித்தாள். ஒரு பிடிகூட இல்லை. குனிந்து அவர் உதட்டில் வைத்தாள். மீசையில் ஒட்டிய ஒற்றை அரிசியைத் தட்டிவிடப் போனவள் விரலை எடுக்கவில்லை.

“நேரமாகுது தாயி,” என்றார் மருதுபாண்டி.