இடுக்கியால் வளர்த்த செடி

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்த ஒரு பச்சை உண்டு. மூக்கின் மேல் உட்காரும் அந்த இரண்டு சிறு தாங்கிகளுக்கு அடியில் வியர்வையும் எண்ணெயும் செத்த தோலும் வருடக்கணக்கில் ஊறிக் களிம்பாகிப்போன பச்சை. எவ்வளவு பெரிய மனிதரின் கண்ணாடியானாலும் அது இருக்கும். பதினாறு வருடங்களில் ஒருமுறைகூட நான் அதை விரலால் தொட்டதில்லை. இடுக்கியால் சுரண்டிக் காகிதத்தில் தட்டி, கசக்கி எறிந்துவிடுவேன்.

வீட்டிலும் அப்படித்தான். குளியலறைத் துளையில் அடைத்துக்கொள்ளும் முடிக்கற்றையை என் மனைவிதான் இழுத்தெடுப்பாள். அவளுக்குப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ரத்தம், சளி, மலம் எல்லாம் குப்பிகளில் அவள் கைக்கு வரும். இதெல்லாம் அவளை ஒன்றும் செய்யாது என்று நினைத்திருந்தேன்.

அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, முதியோர் இல்லத்தில் சேர்த்து ஒன்றரை வருடம் ஆகிறது. அன்று நானும் மனைவியும் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் ஈரமாக இருந்தன. எதனால் ஈரம் என்று யோசித்தேன். அவர் விட்டவுடன் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தேன். அப்பா அதைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த மாதக் கடைசியில் அவரைப் பத்துக் கட்டில் போட்ட கூடத்துக்கு மாற்றப் போவதாகச் சொன்னார்கள். அந்தக் கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கிறேன். வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டேன்.

“அப்பாவ வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடலாம்” என்றேன் மனைவியிடம், திரும்பும் பேருந்தில்.

அவள் சன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

“மாமா வர்றதுல எனக்கு ஒண்ணுமில்லங்க. யாரு கழுவிவிடுறது?”

“ரெண்டு பேரும்தான்.”

“யாரு, நீங்க? குளியலறை முடியையே தெருக்கோடில நின்னு பாக்கற ஆளு. கடைசில நான் ஒருத்திதான் மாரடிக்கணும். வேலையிலயும் அதே, வீட்லயும் அதே.”

இறங்கிய இடத்தில் ஒரு செடிக்கடை இருந்தது. விறுவிறுவென்று உள்ளே போனவள், வாய் திறந்த கண்ணாடி உருண்டை ஒன்றோடு நின்றாள். உள்ளே சாம்பல் பூத்த பச்சையில், எட்டுக்கால் பூச்சி மல்லாந்து கிடப்பதுபோல ஒரு செடி.

“காத்துச் செடியாம். மண்ணு வேணாம், புழு கிடையாது. உங்களுக்குன்னே பொறந்திருக்கு. நான் தொட மாட்டேன். அடுத்த மாசக் கடைசி வரைக்கும் உயிரோட வச்சுக் காட்டுங்க. மாமாவ நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்.”

“செடிக்கும் அப்பாவுக்கும் என்ன சம்பந்தம்?”

“ஒரு சம்பந்தமும் இல்ல. ரெண்டுமே தானா குளிச்சுக்காது, அவ்வளவுதான்.”

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் சொன்னார். “வாரத்துக்கு ஒருவாட்டி அரை மணி நேரம் தண்ணியில போட்டு வைங்க சார். எடுத்ததும் கையில கவுத்துப் பிடிச்சு நல்லா உதறணும். நடுவுல தண்ணி நின்னா அழுகிடும். காஞ்ச பிறகுதான் உருண்டைக்குள்ள வைக்கணும்.”

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன், ஒன்றைத் தவிர. ஈரத்தில் அதன் இலைகள் நத்தையின் உடம்புபோலக் குளிர்ந்து வழுவழுத்தன. முதல் வாரம் ஒரு விரல் வைத்துப் பார்த்துவிட்டு, மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். அடுத்த வாரத்திலிருந்து கடை இடுக்கி ஒன்றைக் கொண்டுவந்தேன். இடுக்கியால் எடுத்து, இடுக்கியாலேயே இரண்டு சொட்டு வடித்து, உருண்டைக்குள் நிமிர்த்தி வைத்துவிடுவேன். வெளியிலிருந்து பார்க்கப் பளிச்சென்று இருந்தது.

“இடுக்கியாலதான் மாமாவையும் தூக்கப் போறீங்களா?” என்று ஒருநாள் கேட்டாள். நான் இடுக்கியைத் துடைத்து வைத்தேன்.

ஐந்தாவது வாரம் வீட்டுக் கூடத்தில் ஒரு வாடை எழுந்தது. பூச்சாடியில் பத்து நாள் மாற்றாத தண்ணீரின் வாடை. இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி. அவள் வேலைக்குப் போயிருந்தாள். இடுக்கியால் ஓர் இலையைப் பிடித்து இழுத்தேன். இலையோடு செடியின் நடுக்குருத்து முழுவதும் உருவிக்கொண்டு வந்தது. அடியில் பழுப்பாக, கூழாக, சளிபோல நூல் இழுத்தபடி. எச்சில் ஊறி வாய் கசந்தது. அலம்புதொட்டியில் குனிந்து நின்றேன். வாந்தி வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

குப்பையில் எறிந்துவிடத்தான் எடுத்தேன். அப்போதுதான், அழுகலின் ஓரத்தில், நான் இத்தனை நாளும் இலை என்று நினைத்திருந்த ஒரு சிறு குட்டிச் செடி தெரிந்தது. கட்டைவிரல் நகத்தளவு. அதன் அடி மட்டும் வெளுப்பாக, கெட்டியாக இருந்தது. இடுக்கியால் பிரிக்கப் பார்த்தேன். வழுக்கியது. அழுத்தினால் குட்டியும் நசுங்கிவிடும்.

இடுக்கியைக் கீழே வைத்தேன்.

கூழுக்குள் விரல் போனது. நினைத்ததைவிட மோசமாக இருந்தது. இலை இலையாக உரித்தேன். ஒவ்வொன்றும் கையில் ஒட்டிக்கொண்டு, உதறினால் கன்னத்தில் தெறித்தது. குட்டியைத் தனியே எடுத்துக் கழுவி, கவிழ்த்துப் பிடித்து உதறினேன். மறுபடி மறுபடி உதறினேன்.

கதவு திறந்தது. “என்ன இப்படி நாறுது?”

உள்ளங்கையை நீட்டிக் காட்டினேன்.

“பெருசு போயிடுச்சா? அப்ப நீங்க தோத்துட்டீங்க.”

“இது இருக்கு.”

“அது தானா முளைச்சது. நீங்க என்னத்த வளத்தீங்க?” என்றவள், என் நகக்கண்களைப் பார்த்து நிறுத்தினாள். பழுப்பு இன்னும் ஒட்டியிருந்தது. “கையாலயா எடுத்தீங்க?”

“ம்.”

அவள் அலம்புதொட்டியை எட்டிப் பார்த்தாள்.

“குமட்டுச்சா?”

“இப்பவும் குமட்டுது.”

“எனக்கும்தான். எட்டு வருஷமா, தினமும்” என்றாள் கைப்பையைக் கழற்றாமலே. “காலைல முதல் குப்பியத் திறக்குறப்ப இன்னமும் மூச்சப் பிடிச்சுக்குவேன். எனக்கு மட்டும் சந்தனமா மணக்குதுன்னு நினைச்சீங்களா?”

ஆமாம், அப்படித்தான் நினைத்திருந்தேன்.

“ஞாயித்துக்கிழமை ஒரு வண்டி சொல்லுங்க” என்றாள். “ஆனா கழுவுறது ஒருநாள் நீங்க, ஒருநாள் நான். அந்த இடுக்கியக் கடையிலயே போட்டுட்டு வந்துடுங்க.”

அப்பா வந்த அன்று என் முறை. கழுவி முடித்ததும் அவருடைய கால்நகங்களைப் பார்த்தேன். மஞ்சளாகத் தடித்து, உள்வளைந்து, இடுக்குகளில் கறுப்பு. அவருடைய பாதத்தை மடியில் வைத்துக்கொண்டேன். என் இடக்கையிலிருந்த கைக்குட்டையையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அதை எடுத்துக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் வைத்தேன்.

நகவெட்டியை அழுத்தியதும் ஒரு துண்டு தெறித்து என் கீழுதட்டில் ஒட்டியது.

“துப்பு, துப்புடா” என்றார் அப்பா குழறலாக. அவருடைய பாதி முகம் சிரித்தது.

துப்பினேன். பிறகு அடுத்த விரலைப் பிடித்தேன்.