பாரதியின் கால் பங்கு

வக்கீல் சுடர்விழியிடமிருந்து போன் வந்தபோது சுலோசனா இட்லி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, பிரேம்குமார் இங்க ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நிக்கறாரு. அவங்கம்மாவோட பாதி வீட்ட விக்கறாரு. வாரிசுன்னு தன் பேர மட்டும் எழுதிக் குடுத்திருக்காரு. பதினொன்றரைக்கு டோக்கன்."

"பாரதி பேரு?"

"இல்லம்மா. நான் பேசிப் பாக்கறேன். ஆனா அந்தப் பொண்ணு நேர்ல வந்து நின்னாதான் எடுபடும்."

மணி பத்து. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே சுலோசனா மொபெட்டை எடுத்தாள்.

உப்பளம் பகுதியில் இருந்த அந்த வீட்டை அவளும் பாக்கியலட்சுமியும் சேர்ந்து வாங்கியிருந்தார்கள். இருவரும் ஒரே பஞ்சாலையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர்கள். ஆலை மூடியபோது கிடைத்த தொகையை ஒன்றாகப் போட்டு, பத்திரத்தில் ஆளுக்குப் பாதி என்று எழுதிக்கொண்டார்கள். சுலோசனா தனிக்கட்டை. விதவையான பாக்கியலட்சுமிக்குப் பிரேம்குமார், பாரதி என்று இரண்டு பிள்ளைகள். பாரதி பிள்ளைச்சாவடிக் குப்பத்து மீனவர் ஒருவரைக் காதலித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்ட நாளிலிருந்து, அண்ணன்காரன் அவள் பேரையே எடுப்பதில்லை.

நாலு மாதத்துக்கு முன் பாக்கியலட்சுமி மாரடைப்பில் போய்விட்டாள். சேர்ந்து வாங்கியவள் போனால் மொத்த வீடும் தனக்குத்தான் என்று சுலோசனா எண்ணியிருந்தாள். சுடர்விழிதான் பத்திரத்தைப் படித்துவிட்டு, "அப்படி வராதும்மா. உங்க பாதி உங்களுது. அவங்க உயில் எதுவும் எழுதல, அதனால அவங்க பாதி ரெண்டு பிள்ளைங்களுக்கும் சரிசமமா போவும்" என்றாள். சுலோசனாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் பாரதிக்கும் அந்த வீட்டில் கால் பங்கு உண்டு என்று தெரிந்ததும் ஏமாற்றம் போன இடம் தெரியவில்லை. உடனே சொல்லியனுப்பினாள். பாரதியோ, அண்ணனிடம் எதையும் கேட்டு நிற்கமாட்டேன் என்று பதில் அனுப்பிவிட்டாள்.

மொபெட் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறந்தது. ஐம்பத்தெட்டு வயதில் இவ்வளவு வேகமாக ஓட்டுவோம் என்று சுலோசனாவே நினைத்ததில்லை. பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்தபோது, "பொறுய்யா, எனக்கும் அவசரம்தான்!" என்று கத்திவிட்டு இன்னும் முறுக்கினாள்.

பிள்ளைச்சாவடியில் பாரதி தன் வீட்டு வாசல் மீன்கடையில் அரிவாள்மணையின் முன் உட்கார்ந்து வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையை ஆட்டினாள்.

"எனக்கு அந்த வீடே வேணாம் பெரிம்மா."

"வேணாம்னா, வேணாம்னு நீயே வந்து கையெழுத்துப் போட்டுக் குடு. அவன் நீ பொறக்கவே இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கான்டி! அத ஒத்துக்கறியா?"

பாரதியின் கை நின்றது. மீனை அப்படியே பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளிவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். ஆதார் அட்டையும் பிறப்புச் சான்றிதழும் இருந்த பிளாஸ்டிக் பையோடு வந்து பின்சீட்டில் ஏறினாள்.

"போங்க பெரிம்மா, நிறுத்தாதீங்க!"

முத்தியால்பேட்டையில் வண்டிகள் அசையாமல் நின்றன. சுலோசனா சந்துக்குள் திருப்பினாள். ஒரு காய்கறி வண்டியை மயிரிழையில் தப்பினார்கள். பாரதி பயத்தில் கத்தினாள்; அடுத்த நொடி இருவரும் சிரித்துவிட்டார்கள். பாக்கியலட்சுமி போனபிறகு சுலோசனா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் மொபெட்டைப் போட்டுவிட்டுப் படியேறும்போது மணி பதினொன்று முப்பத்தைந்து. உள்ளே, வீட்டை வாங்க வந்திருந்த நாராயணசாமி பேனாவைத் திறந்துவிட்டார். பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் பெரியவர். எதிரே பிரேம்குமார். அவனருகே நின்று சுடர்விழி பாரதிக்காக அதிகாரியிடம் வாதாடிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க!" பாரதியின் குரலில் அறையே திரும்பியது.

"யாரும்மா நீ?" என்றார் நாராயணசாமி.

"செத்துப்போன பாக்கியலட்சுமியோட பொண்ணு. உயிரோடதான் இருக்கேன், நல்லாப் பாத்துக்குங்க."

செதில் ஒட்டிய கையால் சான்றிதழை மேஜைமேல் வைத்தாள். அதிகாரி தாயின் பெயரை இரண்டு முறை படித்தார், பிரேம்குமாரை நிமிர்ந்து பார்த்தார், கோப்பை மூடினார்.

நாராயணசாமி பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். "தங்கச்சியே கெடையாதுன்னியே தம்பி. எனக்கு இந்த வீடு வேணாம்."

பிரேம்குமாருக்கு முகம் வெளுத்துவிட்டது. வராந்தாவில் தங்கையின் எதிரே வந்து நின்றான். "சென்னைல ஃபிளாட் பாத்து வெச்சிருந்தேன். நீ கையெழுத்துப் போட மாட்டன்னு…"

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா போட்டிருப்பேண்ணே," என்றாள் பாரதி. "இப்ப போட மாட்டேன்."

அவன் படியிறங்கிப் போனான். சுலோசனா பாரதியைக் கட்டிக்கொண்டாள். மீன் வாசனை அவள் புடவைக்கும் ஏறியது.

வாரிசுச் சான்றிதழ் இரண்டு பேருடைய பெயரோடும் வந்தது. செய்த தப்புக்கு ஈடாகப் பிரேம்குமார் தன் கால் பங்கையும் முறைப்படி தங்கைக்கே எழுதிக்கொடுத்தான். அவளோடு அதிகம் பேசவில்லை. ஆனால் சாட்சிகளுக்கு முன்னால், "இவ என் தங்கச்சி" என்று சொன்னான்.

பாரதியும் அவள் புருஷனும் உப்பளம் வீட்டுக்குக் குடிவந்த அன்று காலையிலேயே தகராறு தொடங்கிவிட்டது. வாசல் அறையில் மீன் சாப்பாட்டுக் கடை வைக்க வேண்டும், சுவருக்கு நீலம் அடிக்க வேண்டும் என்றாள் பாரதி.

"பாதி வீடு என்னுது. நான் மஞ்சள்தான் அடிப்பேன்," என்றாள் சுலோசனா.

"அப்ப என் பாதிக்கு நீலம்!"

பெயின்ட் கடைக்காரர் போனில் காத்திருக்க, இருவரும் சுவரின் நடுவே சாக்பீஸால் கோடு போடக் கிளம்பினார்கள்.