தாமதமாகச் சேர்ந்த முட்டை

கோழியை அடைவைப்பதற்கு ஒரு முறை உண்டு. முட்டைகள் அனைத்தையும் ஒரே நாளில் வைக்க வேண்டும். அப்போதுதான் அவை ஒரே நாளில் பொரியும். இடையில் ஒன்றைக் கொண்டுவந்து செருகினால், மற்றவை குஞ்சுகளாகித் தாயின் பின்னால் ஓடும் நாளில் அது மட்டும் முட்டையாகவே கிடக்கும். பாதி ஆண்டு கழிந்தபின் வகுப்பில் கொண்டுவந்து தள்ளப்பட்ட பிள்ளைகளோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டிய தமிழாசிரியனுக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை. என் மனைவிக்கும் இது தெரியும். வீட்டில் கோழி வளர்ப்பவள் அவள்தான். நான் வளர்ப்பவன் அல்லேன், பொறுத்துக்கொள்பவன். தெரிந்திருந்தும் அவள் முறை தவறினாள் என்பதே என் குற்றச்சாட்டு.

எங்கள் அடைக்கோழிக்கு அவள் இட்ட பெயர் வார்டன். விடுதிக்காப்பாளர் என்று அழைக்கலாமே என்றேன்.

"நீங்க அப்படிக் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள கோழி அடுத்த தெருவுக்குப் போயிடும்," என்றாள்.

அந்த வார்டன், வீட்டில் இத்தனை மூலைகள் இருக்க, துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்த இடுக்கைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்துவிட்டது. இயந்திரம் ஓடினால் முட்டைகள் அதிரும்; கரு கலங்கும். ஆகவே, குஞ்சு பொரிக்கும்வரை துணிகளைக் கையால்தான் துவைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. துவைத்தவர் யார் என்று எழுதி என் மதிப்பைக் குறைத்துக்கொள்ள விரும்பவில்லை.

வார்டன் உட்கார்ந்து ஒரு வாரம் கடந்திருக்கும். பக்கத்து வீட்டுத் தையற்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். தனி மனிதர், வீட்டின் முன்னறையே அவருக்குக் கடை. அவரிடம் சிவப்புக் கோழி ஒன்று இருந்தது. துணி வெட்டும் மேசையில் ஏறி நின்று வருவோர் போவோரையெல்லாம் மேற்பார்வையிட்டதால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

"அக்கா, மேனேஜர் போயிட்டா."

"எங்க போனா? தேடிப் பாத்தீங்களா?"

"தேடுற எடத்துக்குப் போகலக்கா. தண்ணி லாரி ரிவர்ஸ்ல வந்துச்சு. எல்லாரும் நகந்தாங்க, அவ நகரல. அவ கடை வாசலாச்சே, அவ ஏன் நகரணும்?"

சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து நூல் சுற்றும் பாபின் போடும் தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். வெட்டுத்துணி மெத்தையின்மேல் ஒரு முட்டை இருந்தது.

"காலையில இட்டது. கடைசி. உங்க வார்டனுக்குக் கீழ இதையும் கொஞ்சம்..."

"வார்டன் உக்காந்து ஒரு வாரம் ஆச்சு," என்றேன். "சேர்க்கை முடிஞ்சுபோச்சு. அதோட, சேவல் இல்லாத வீட்டு முட்டை பொரியவே பொரியாது. உங்ககிட்ட சேவல் ஏது?"

"உங்க சேவல்தான் சார். தெனம் மதில் ஏறி வந்துட்டுப் போவான். வேணாம்னு நான் எப்படிச் சொல்றது?"

என் மனைவி முற்றத்திலிருந்த சேவலைப் பார்த்தாள். அது வேறெங்கோ பார்த்தது.

தையற்காரர் முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம். "அட, அப்போ நாம சம்பந்தி ஆயிட்டோமே சார்!"

நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி டப்பாவை வாங்கிவிட்டாள். "அவரு கெடக்காரு தம்பி, குடுங்க. ஒரு உசிரு விஷயம்."

மற்ற முட்டைகளோடு கலந்துவிடாதிருக்கப் பென்சிலால் ஒரு வட்டமிட்டு, வார்டனின் வயிற்றுக்கடியில் அதைத் தள்ளினாள். வார்டன் அவள் கையைக் கொத்திற்று. அந்த வீட்டில் விதியை மதித்தது அந்தக் கோழி ஒன்றுதான்.

அன்றுமுதல் தையற்காரர் நாள் தவறாமல் மதிலுக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்து, "பேரப்புள்ள எப்படியிருக்கான் சம்பந்தி?" என்று தெருவே கேட்கும்படி விசாரித்தார். என்னைச் சம்பந்தி என்று விளிக்கலாகாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். "சரிங்க சம்பந்தி," என்றார்.

ஒருநாள் என் மனைவி அவரை உள்ளே அழைத்து, அறையை இருட்டாக்கி, முட்டையை டார்ச் விளக்கின்மேல் வைத்துக் காட்டினாள். உள்ளே சிவப்பு நரம்புகள் கிளை விட்டிருந்தன. நடுவே ஒரு கரும்புள்ளி அசைந்தது. தையற்காரர் முட்டையை ஒட்டிக் குனிந்து பார்த்தார். பிறகு, "இவ்ளோ பொடித் தையல் நான் போட்டதே இல்லக்கா," என்றார்.

மற்ற முட்டைகள் பொரிந்தன. நான் சொன்னது சொன்னபடியே நடந்தது. வார்டன் தன் படையோடு முற்றத்தில் இறங்கிவிட்டது. வட்டமிட்ட முட்டை இடுக்கில் தனியே கிடந்தது. 'நான் சொன்னேனே' என்று சொல்ல எனக்கு முழு உரிமை இருந்தது. சொன்னேன்.

"சொன்னது போதும். சோப்பு வந்த அட்டைப்பெட்டியைக் காலி பண்ணுங்க," என்றாள் மனைவி.

பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பு. ஈரப்பதத்துக்குக் கிண்ணத்தில் தண்ணீர். சூடு பார்க்க, வீட்டிலிருந்த காய்ச்சல் தெர்மாமீட்டர். "லேசாக் காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கணும். ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாது," என்றாள். ஒயர் எட்டுமிடம் என் எழுதுமேசை மட்டுமே. குஞ்சுகளைக் காக்கையிடமிருந்தும் பூனையிடமிருந்தும் காப்பது அவள் பொறுப்பாம். ஆதலால் முட்டை என் பொறுப்பாம். ஓய்வு பெற்றவனுக்கு ஓய்வு தேவையில்லை என்று உலகம் எப்போது முடிவு கட்டியதோ தெரியவில்லை.

வேளைதோறும் முட்டையைப் புரட்டி வைத்தேன். மற்ற நேரத்தில் என் வழக்கப்படி நாளிதழை வாய்விட்டுப் படித்தேன். கண்ணுக்குத் தப்பும் பிழை காதுக்குத் தப்பாது. எழுவாயைப் பன்மையில் தொடங்கிப் பயனிலையை ஒருமையில் முடிக்கிறார்கள். 'விலைகள் உயர்ந்தது' என்று ஒருவன் கூசாமல் எழுதுகிறான். அவனைத் திட்டாமல் வேறென்ன செய்வது? காலை முழுவதும் திட்டினேன். பெட்டி என் முழங்கையருகே இருந்தது.

ஒருநாள் நண்பகலில் மின்சாரம் நின்றது. தையற்காரர் கரி போட்ட இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"சம்பந்தி, இதைப் பக்கத்துல வெச்சிடலாம்!"

"முட்டைக்கு மடிப்பு எடுக்கப் போறீரா? தூக்கும்யா அந்தப்பக்கம்!"

என் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் எப்பவும் உடம்பு கொதிச்சுக்கிட்டே இருக்கே," என்று முட்டையைத் துணியில் சுற்றி என் சட்டைக்குள் வைத்துவிட்டாள். மின்சாரம் வரும்வரை நாற்காலியில் அசையாமல் சாய்ந்து கிடந்தேன். தும்மல் வந்தது, அடக்கினேன். தையற்காரர் எதிரே முக்காலியில் உட்கார்ந்து என் வயிற்றையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சம்பந்தி, உதைக்கிறானா?"

நான் முறைத்தேன். சற்று நேரம் கழித்து அவராகவே பேசினார். "மேனேஜர் போனதுலேர்ந்து தையல் கோணிக்கிட்டுப் போகுது சார். நான் மிதிக்க மிதிக்க அவ பேசிக்கிட்டே இருப்பா. இப்போ மிஷின் மட்டும்தான் பேசுது. அதுகிட்ட என்னத்தைப் பேசுறது?"

நான் முட்டையைச் சற்று மேலே நகர்த்தி, சூடு கூடுதலான இடத்தில் வைத்துக்கொண்டேன்.

பிறகொரு பிற்பகலில் ஓட்டில் ஊசிமுனையளவு விரிசல் கண்டது. உள்ளிருந்து 'கீச்' என்றது. அப்புறம் நெடுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. தையற்காரர் கத்தரிக்கோலோடு குனிந்தார்.

"ஒரே ஒரு தையலைப் பிரிச்சுவிட்டா வந்துடுவான் சார்."

"கத்தரியைக் கீழ வையும்! தேர்வு எழுதுற பையனுக்கு வெளியிலேர்ந்து விடை சொல்லக்கூடாது."

"உள்ளேயே செத்துட்டா?"

"பிரிச்சா ரத்தம் வந்து கண்டிப்பாச் செத்துடும் தம்பி," என்றாள் மனைவி. "இவரு சொல்றது இன்னைக்கு ஒரு நாள் சரிதான்."

மறுநாள் காலை, தலையங்கத்தின் இரண்டாம் பத்தியை நான் கிழித்துக்கொண்டிருந்தபோது ஓடு இரண்டாய்ப் பிளந்தது. நனைந்த திரி போன்ற ஒன்று வெளியே விழுந்து மூச்சு வாங்கியது.

"அப்படியே அவங்கம்மா ஜாடை," என்று தையற்காரர் அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் அதற்கு எந்த உயிரினத்தின் ஜாடையும் இல்லை. இருந்தும் நான் மறுக்கவில்லை.

உடல் உலர்ந்ததும் அதை வார்டனிடம் விட்டுப் பார்த்தோம். தன் குஞ்சுகளைவிடச் சிறியதான அந்த அந்நியனை வார்டன் தலையிலேயே கொத்தித் துரத்தியது. தையற்காரர் அதை வாரியெடுத்து, பித்தான் போடும் பெட்டியில் வைத்து, ஊர்வலம்போல் தம் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மதிலுக்கு அப்பாலிருந்து கீச்சொலி ஓயவேயில்லை. முட்டைக்குள்ளிருந்து வயிற்றில் கொண்டுவந்த மஞ்சள்கரு தீரும்வரைதான் குஞ்சு தாங்கும். அதற்குள் அது கொத்தித் தின்னப் பழகியாக வேண்டும் என்றாள் என் மனைவி. பழகவில்லை. மூன்றாம் நாள் காலை, முகம் மழிக்காமல் தையற்காரர் பெட்டியோடு வந்தார்.

"நொய் வெச்சேன், தண்ணி வெச்சேன், மிஷின் லைட்டைக் கிட்ட வெச்சேன். எதையும் தொட மாட்டேங்குறான். கத்திக் கத்தித் தொண்டையே போச்சு. நீங்களே வெச்சுக்கங்கக்கா. என் கையில இன்னொண்ணு போக வேணாம்."

அப்போது நான் உள்ளறையில் மூன்றாம் பக்கத்துச் செய்தியாளனின் பரம்பரையையே விசாரித்துக்கொண்டிருந்தேன். கீச்சொலி சட்டென்று அறுந்தது. அஞ்சி வெளியே ஓடிவந்தேன். குஞ்சு சாகவில்லை. கழுத்தை நீட்டி, நான் வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் பேசாமல் நின்றேன். மறுபடியும் கத்தத் தொடங்கியது.

"எதையாவது படிங்க," என்றாள் மனைவி.

"'பேருந்துகள் நிறுத்தப்பட்டது.' மூடனே, பேருந்துகள் நிறுத்தப்பட்டன!"

குஞ்சு அடங்கியது. என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடைக்கோழி முட்டைகிட்டப் பேசிக்கிட்டே இருக்கும்ல தம்பி, உள்ள இருக்குற குஞ்சு அந்தக் குரலைக் கேட்டுத்தான் அம்மாவைத் தெரிஞ்சுக்கும். இது கேட்டது பூரா இவரு வசவுதான்."

"அப்போ அவன் இங்கேயே இருக்கட்டும்கா," என்றார் தையற்காரர். பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, கழுத்திலிருந்த நாடாவை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். சுருட்டி முடித்தபின்னும் சுருட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சினம் வந்தது. முட்டை அவருடையது. உடையவனிடத்தில் உடைமை இருக்க வேண்டும் என்பது ஆறாம் வேற்றுமை படித்த எவனுக்கும் தெரியும்.

"பெட்டியைத் தூக்கும்," என்றேன். நாளிதழை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

கடையில் துணி வெட்டும் மேசையருகே எனக்கொரு முக்காலி போடப்பட்டது. மேசைமேல் குஞ்சு, குஞ்சின் முன் நொய். முதற்பக்கத்திலிருந்து தொடங்கினேன். "யாருய்யா உனக்குப் பேனா குடுத்தது? ஒருமை பன்மை தெரியாதவனெல்லாம் எழுத வந்துட்டியா?" என்று நான் முழங்கியபோது, அளவு கொடுக்க உள்ளே நுழைந்த ஓர் அம்மையார் அப்படியே பின்வாங்கினார்.

"உங்களை இல்லீங்க, வாங்க. கோழிக்குஞ்சுக்குச் சாப்பாடு நடக்குது," என்றார் தையற்காரர்.

குஞ்சு என் குரலை நோக்கி நடந்தது. நொய்யின்மேல் கால் வைத்தது. குனிந்து பார்த்தது. ஒரு மணியைக் கொத்திக் கீழே விட்டது. மறுபடியும் கொத்தி விழுங்கியது. தையற்காரரின் தையல் இயந்திரம், அஞ்சி அஞ்சி, மெல்ல ஓடத் தொடங்கியது.

பக்கங்கள் ஒவ்வொன்றாக முடிந்தபின் மூச்சு வாங்க நிறுத்தினேன். குஞ்சு தலையை உயர்த்தியது.

"நிறுத்தாதீங்க சம்பந்தி," என்றார் அவர், மிதியிலிருந்து காலை எடுக்காமலே. "இப்பதான் வாய் வெச்சிருக்கான்."

விளையாட்டுப் பக்கம் மட்டுமே மீதமிருந்தது. அதில் எழுதப்படும் தமிழுக்கு அஞ்சி, அந்தப் பக்கத்தை நான் ஆண்டுக்கணக்கில் திறந்ததே இல்லை.

திறந்தேன்.