தொண்டை கட்டிய நாள்

டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, கட்டக்கூடாத நாளில்.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். காற்றுதான் வந்தது. அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த கணவர் திரும்பவில்லை. கரண்டியால் தட்டைத் தட்டினாள்.

"என்ன, காலையிலேயே மணி அடிக்கற? பள்ளிக்கூடம் சாயங்காலம்தானே?"

அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"போச்சா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் வேண்டாத சாமி இல்ல. கடல் தாண்டி வந்தப்புறம்தான் காதுல விழுந்திருக்கு."

சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனார். அன்றைக்குத்தான் அவள் பாடம் நடத்துவதைச் சோதிக்க அதிகாரி அம்மா வகுப்பில் வந்து உட்காரப்போகிறார் என்பது அவருக்கும் தெரியும்.

பகலெல்லாம் உழைத்துவிட்டுச் சாயங்காலம் ஆங்கிலம் படிக்க வரும் பெரியவர்களின் வகுப்பு அது. பஸ் ஓட்டுநர், தையல்காரி, ரொட்டிக்கடைக்காரர், ஆஸ்பத்திரியில் படுக்கை விரிக்கும் பெண் என்று பலதரப்பட்டவர்கள். "அவங்க வாயைத் திறந்து இங்கிலீஷ் பேசணும். பேசினா நீங்க இருங்க. இல்லேன்னா இந்தப் பருவத்தோட சரி" என்று அதிகாரி அம்மா முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார்.

பேசினால்தானே! எழுதச் சொன்னால் முத்துமுத்தாக எழுதுவார்கள். கேள்வி கேட்டால் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். அந்த மௌனம் டீச்சருக்கு ஆகாது. ஒரு மூச்சு பொறுப்பாள், இரண்டு மூச்சு பொறுப்பாள், அப்புறம் பதிலையும் தானே சொல்லிவிடுவாள்.

"லீவு சொல்லிடேன்" என்றார் கணவர்.

அவள் பரண்மேல் இருந்த பெட்டிகளைக் காட்டினாள்.

"கட்டச் சொன்னா கட்டிட்டு ஊருக்குப் போறோம். 'அதுக்குள்ள வந்தாச்சா?'ன்னு உன் அண்ணி கேப்பா. கேக்கட்டுமே."

அண்ணிக்கு அவள் பயப்படவில்லை. போக மனசில்லை, அவ்வளவுதான். வந்த புதிதில் லிஃப்டில் பொத்தானை மாற்றி அமுக்கி, இருட்டுக் கிடங்கில் போய் நின்று அழுதவள் அவள். இப்போது தெருமுனைக் காய்கறிக்காரி அவளுக்கென்று காரமான பச்சைமிளகாயாகப் பொறுக்கி வைக்கிறாள். வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்து முறைத்த எதிர்வீட்டுக்காரர், மழை வந்தால் அவரே அதை ஓரமாக எடுத்து வைக்கிறார். ஓட்டுநரோ, அவள் ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தால் பஸ்ஸை எடுக்கமாட்டார். வேர் பிடித்த செடியை யாராவது பிடுங்குவார்களா?

சாயங்காலம் கழுத்தில் மஃப்ளரும் கையில் வெந்நீர்ப் பாட்டிலுமாக வகுப்புக்குப் போனாள். கடைசி பெஞ்சில் அதிகாரி அம்மா. டீச்சர் பலகையில் ஆங்கிலத்தில் எழுதினாள்: 'எனக்குக் குரல் போய்விட்டது. என்ன செய்யலாம்?'

ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. பழக்கதோஷத்தில் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"உப்பு" என்றார் ஓட்டுநர்.

உப்பை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று டீச்சர் கையை விரித்தாள்.

"உப்புத் தண்ணி. கொப்புளிங்க. காலைல, ராத்திரி." தட்டுத்தடுமாறித்தான் வந்தது. ஆனால் வந்தது இங்கிலீஷ்.

"உப்பு வேண்டாம்!" தையல்காரி எழுந்தே விட்டாள். "எரியும். தேன் நல்லது. எங்க அம்மா எப்பவும் தேன்தான் குடுப்பாங்க."

"உங்க அம்மா டாக்டரா?"

"உங்க பஸ் ஆஸ்பத்திரியா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ரொட்டிக்கடைக்காரர் பஞ்சாயத்துக்கு வந்தார். "ரெண்டும் தப்பு. டீச்சர் ரொம்பப் பேசறாங்க. தொண்டை பாவம். பேசாம இருந்தா சரியாயிடும்."

டீச்சருக்கு முகம் சுட்டது. அடுத்த நொடி அவளும் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அதுவரை ஒரு சொல் பேசியிராத ஆஸ்பத்திரிப் பெண் எழுந்து கிட்டே வந்தாள். "வாயைத் திறங்க. இன்னும் பெரிசா." எட்டிப் பார்த்தாள். "சிவந்திருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. வெந்நீர் யார் போட்டாங்க, வீட்டுக்காரரா?"

டீச்சர் தலையாட்டினாள்.

"அப்ப பாதி குணமாயிடுச்சு."

"யாருமே சரியா சொல்லல" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். "ஆவி பிடிக்கணும்." அதிகாரி அம்மாதான். பொறுக்கமுடியாமல் வாய்விட்டிருந்தார்.

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "மேடம், நீங்க டாக்டரா?"

மணி அடித்தும் சண்டை ஓயவில்லை. ஆவி பெரிதா, தேன் பெரிதா என்று மாடிப்படி வரைக்கும் இங்கிலீஷிலேயே வாதாடிக்கொண்டு போனார்கள்.

அதிகாரி அம்மா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த பருவமும் நீங்கதான். ஆனா, தொண்டை சரியானதும்..." சொல்லத் தயங்கி இழுத்தார். டீச்சர் தன் உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

வாசலில் காத்திருந்த கணவரை மாணவர்கள் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு வைத்தியம். அவரும் எல்லாவற்றுக்கும் "எஸ், எஸ்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னடி இது, உங்க அம்மா வீட்டுலகூட உனக்கு இத்தனை பேர் பரிஞ்சுக்கிட்டு வரலையே! அது கிடக்கட்டும், இருக்கோமா, கிளம்பறோமா?"

அவள் அவர் சட்டைப்பையிலிருந்து துணிப்பையை உருவி, தெருமுனைக் கடையைக் காட்டினாள்.

"ஒரு வாரத்துக்குக் காயா? அப்ப இருக்கோம்!"

காய்கறிக்காரி மிளகாயை நிறுத்துப் போட்டாள். வழக்கமான வணக்கம் வராததால் நிமிர்ந்து, மஃப்ளரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் விரல் நீள இஞ்சி ஒன்றை எடுத்து மேலாக வைத்தாள். காசு நீட்டியபோது கையைத் தள்ளிவிட்டாள்.

நன்றி சொல்ல டீச்சருக்குக் குரல் இல்லை. கைகூப்பினாள்.

"பாத்தியா" என்றார் கணவர், பையை வாங்கிக்கொண்டு. "இவளும் டாக்டர்தான்."