வெங்காயத் தறையில் ஒரு தகரவேலி

‘டொக்’ என்று ஒரு சத்தம். எஞ்சின் இரண்டு தரம் இருமியது, நின்றுவிட்டது.

“ஏன் தம்பி நிப்பாட்டினனீ?” என்று கேட்டார் பக்கத்து இருக்கையிலிருந்த தியாகலிங்கம்.

“நான் நிப்பாட்டேல்லை அண்ணை. அது தானா நிண்டிட்டுது.”

நிருஷன் மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தான். பிடிக்கவில்லை. எஞ்சின் இல்லாமலும் மிதக்கிற மோட்டார் கிளைடர்தான். உயரம் இருந்திருந்தால் பலாலி ஓடுபாதைக்கே மிதந்து போயிருக்கலாம். உயரத்துக்கு எங்கே போவது? கனடாவிலிருந்து வந்திருந்த இந்த மனிதர், உடுப்பிட்டிக்கு மேலே வந்ததிலிருந்து ஒரே கரைச்சல். “இன்னும் பதிவாப் போ, என்ரை காணி வடிவாத் தெரியேல்லை.” மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் அவன் கேட்டு, தாழ இறக்கித் தொலைத்தான்.

பறப்புச் சங்கத்திடம் இருந்தது இந்த ஒரே கிளைடர். இது உடைந்தால் அவன் வேலையும் போய்விடும்.

கீழே துண்டு துண்டாகத் தோட்டங்கள், கிணறுகள், மின்கம்பிகள். வெங்காயம் கிண்டி முடிந்த ஒரு தோட்டத் தறை மட்டும் நீளமாக, வெறுமையாகக் கிடந்தது.

“அதுதான் என்ரை காணி!”

“அப்ப நல்லதாப் போச்சு. பெல்ற்றை இறுக்குங்கோ.”

நன்றாகத் தாழ்ந்த பிறகுதான் அது வெயிலில் மின்னியது. தறையைக் குறுக்கே இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு தகரவேலி.

“எந்த விசரன் உதுக்குள்ளை வேலி அடைச்சவன்? இனி எழும்பவும் ஏலாது!”

தியாகலிங்கம் பெல்ற்றை இன்னும் இறுக்கினார்.

சக்கரம் மண்ணைத் தொட்டது, துள்ளியது, மறுபடி தொட்டது. நிருஷன் பிறேக்கைப் பிடித்த பிடியில் கை மரத்தது. போதவில்லை. தகரம் கிழிகிற சத்தத்தோடு கிளைடர் வேலிக்குள் மூக்கை நுழைத்து நின்றது. இடது இறக்கை வேலியின் சீமெந்துத் தூண் ஒன்றைச் சரித்து, அதில் மடிந்து தொங்கியது.

வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பெண் ஓடிவந்தாள்.

“ஐயோ, பெரியண்ணை! கதைபேச்சில்லாமல் இருந்த மனுசன் வானத்தாலை வாறார்! காயம் கீயம் இல்லையே?”

“ஒண்டுமில்லை, பாலேஸ்வரி,” என்றார் அவர், நிலத்தைப் பார்த்தபடி.

அவள் தண்ணீர் எடுத்துவர ஓடினாள். நிருஷன் முறிந்த இறக்கையைப் பார்த்தான். மண்கட்டி ஒன்றை ஓங்கி உதைத்தான்.

“காணியை போனிலை பாத்திருக்கலாமே! என்னத்துக்கு அண்ணை என்னை உவ்வளவு பதியப் பறக்கச் சொன்னனீங்கள்?”

தியாகலிங்கம் சரிந்து கிடந்த தூணை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்.

“உவள் தங்கச்சி, நான் அடைச்ச வேலியை என்ரை பக்கம் தள்ளி அரக்கிப் போட்டாளோ எண்டு பாக்கத்தான், தம்பி.”