மசக்கை நின்ற நாள்

ஏப்ரல் மாதம், கருவுற்ற பத்தாவது வாரத்தில் ஒரு காலை, மேரிம் பசியோடு கண் விழித்தாள்.

அடுப்பில் மாமியார் ஆட்டுக்கறியைக் கொதிக்கவிட்டிருந்தார். ஒரு மாதமாக அந்த வாடை பட்டாலே கொட்டகைப் பக்கம் ஓடியவள், அன்று ரொட்டியில் பாலேட்டைத் தடவி இரண்டு துண்டு தின்றாள். மூன்றாவதை வாயருகே கொண்டுபோனபோதுதான் உறைத்தது. குமட்டல் இல்லை. மார்பில் இருந்த நோவும் இல்லை. ரொட்டியைக் கீழே வைத்தாள்.

போன வருஷமும் இப்படித்தான் ஆயிற்று. முதல் நாள் மசக்கை நின்றது. மூன்றாம் நாள் கரு கலைந்தது. அப்போது மாமியார் சந்தோஷம் தாங்காமல் அத்-பாஷி ஊர் முழுக்கச் செய்தி சொல்லியிருந்தார். அதனால் மேரிம் வேலை பார்க்கும் தபால் நிலையத்துக்குப் பென்ஷன் வாங்க வந்தவர்கள்கூட ஜன்னலுக்கு வெளியே நின்று ஆறுதல் சொன்னார்கள். இந்த முறை மூன்று மாதம் முடியும்வரை வாய் திறப்பதில்லை என்று அவளும் கணவன் தலான்ட்டும் பேசி வைத்திருந்தார்கள்.

தலான்ட் நிலக்கரி லாரியோடு மலைக்கு அந்தப்புறம் இருந்தான். போன் கிடைக்கவில்லை. ஊர் நர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ரத்தமும் இல்லை, வலியும் இல்லை, நன்றாகவே இருக்கலாம், ஆனால் ஸ்கேன் பார்க்காமல் எதுவும் சொல்வதற்கில்லை என்றாள். ஸ்கேன் நாரின் நகரத்தில் இருந்தது. வேனில் போனால் கூட வரும் பத்துப் பேரும் எங்கே, எதற்கு என்று குடைவார்கள். வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவள் ஓரகத்தி குல்சினா மட்டும்தான்.

குல்சினாவுக்கு நான்கு பிள்ளைகள். கடைசிப் பிரசவத்துக்கு முந்தின நாள்கூடப் பால் கறந்தவள் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வாள். மேரிம் வேலை முடிந்து வந்ததும் படுத்துவிடுவதைப் பார்த்து, "மகாராணிக்கு அதுக்குள்ள பொழுது சாஞ்சிருச்சு போல" என்று பிள்ளைகளிடம் சாடை பேசியதும் அவள்தான். வேறு வழியில்லாமல் அவளிடமே போய், பல் வலி, நகரத்துக்குப் போகவேண்டும் என்றாள் மேரிம். குல்சினா மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தாள்.

கணவாயில் பனி உருகிச் சாலை சேறாகிக் கிடந்தது. கார் ஒவ்வொரு குழியில் இறங்கும்போதும் மேரிமின் கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. குல்சினா வேகத்தைக் குறைத்தாள்.

"எத்தன வாரம்?"

மேரிம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பல்லு வலிக்கிறவ கன்னத்தப் பிடிப்பா. நீ எதப் பிடிச்சிட்டு வர்றேன்னு நாலு பெத்தவளுக்குத் தெரியாதா?"

"பத்து. இன்னைக்குக் காலையில இருந்து ஒண்ணுமே தெரியலக்கா. போன தடவையும் இப்படித்தான்..."

குல்சினா ஒரு குழியைச் சுற்றிக் காரை ஓட்டினாள். பிறகு, மூத்தவனுக்கு முன்னால் தனக்கும் ஒன்று கலைந்ததையும், புருஷனைத் தவிர யாருக்கும் அதைச் சொன்னதில்லை என்பதையும் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். "மாட்டத் துரத்திட்டு ஓடினேன், அதான் போச்சுன்னு ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன். அப்படியெல்லாம் இல்லடி. நாம பண்ணி வர்றதில்ல அது. நான் பேசினத மனசுல வெச்சுக்காத."

ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்கேன் பார்த்த பெண் மருத்துவர் திரையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் கருவியை நகர்த்தினார். ஓரிடத்தில் நிறுத்தினார். மறுபடி அழுத்தினார். போன தடவையும் ஒரு மருத்துவர் இப்படித்தான் பேசாமல் இருந்தார். மேரிம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். குல்சினா அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூச்சப் பிடிச்சு வைக்காதீங்க, வயிறு கல்லு மாதிரி இருக்கு," என்றார் மருத்துவர். பிறகு திரையைத் திருப்பினார். இருட்டுக்குள் பேரீச்சம்பழம் அளவில் ஒன்று கிடந்தது. அதன் நடுவில் ஏதோ படபடத்துக்கொண்டிருந்தது. "இதயம்தான். நல்லா துடிக்குது."

அப்படியானால் குமட்டல் ஏன் நின்றது என்று மேரிம் கேட்டாள். பலருக்குப் பத்து, பன்னிரண்டு வாரத்தில் அடங்கிவிடும், சிலருக்கு ஒரே நாளில் நிற்கும், திரும்பவும் வரலாம், அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றார் மருத்துவர். ரத்தம் பட்டாலோ வயிறு இழுத்துப் பிடித்தாலோ உடனே வரச் சொன்னார்.

"இன்னொரு தடவ காட்டுறீங்களா?"

அவர் காட்டினார்.

அந்த நிம்மதி கணவாய் தாண்டும்வரைதான் இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் பயம் திரும்பிவிட்டது. ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் உள்ளாடையைப் பார்த்த பிறகே அவளுக்கு மூச்சு வந்தது. தண்ணீர் வாளிகளைக் குல்சினா தூக்கினாள்; ஏன் என்று மாமியார் கேட்டதற்கு, தனக்கு உடம்பு இளைக்க வேண்டியிருக்கிறது என்றாள்.

பதின்மூன்றாம் வாரம் மேரிம் மாமியாரிடம் சொன்னாள். அவர் பிசைந்த மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. மாவை இன்னொரு முறை புரட்டிவிட்டு, "யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேன்மா" என்றார். விடவும் இல்லை. கோடையில் பக்கத்து வீட்டுக்காரி மேரிமின் வயிற்றைப் பார்த்து நேராகவே கேட்டபோது, குதிரைப்பால் குடித்தால் உடம்பு போடத்தான் செய்யும் என்று சொல்லிப் பேச்சை மாற்றினார்.

நவம்பரில் பெண் பிறந்தாள். அவள் வீறிட்டு அழும் சத்தம் காதில் விழும்வரை எல்லாம் நன்றாக இருக்கிறது என்று யார் சொல்லியும் மேரிம் நம்பவில்லை.