தலைத்தீபாவளிக்குக் கண்டாலா வழியாக

நம்பிராஜன் தலைத்தீபாவளிக்கு மாமனார் வீடு போக வேண்டியவன். மாமனார் உயிரோடு இல்லை. மச்சினன் பிரம்மநாயகம்தான் இருந்தான். புனாவுக்குப் பக்கத்தில் கிர்க்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. தாதரில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே போய்விடலாம். ஆனால் நம்பிராஜன் சைக்கிளில்தான் போவேன் என்றான், அதுவும் கண்டாலா மலை ஏறி. அந்த மலை ரோட்டில் லாரிக்காரனே பாதி வழியில் நிறுத்தி, இஞ்சின் சூடு ஆறின பிறகுதான் மேலே போவான் என்பது தாராவியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

இதற்கெல்லாம் காரணம் ஆடி மாதம்.

வைகாசியில் ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்து, பேராச்சியைத் தாராவிக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். ஆடியில் புதுப்பெண் புருஷனோடு இருக்கக் கூடாது என்று பிரம்மநாயகம் வந்து தங்கச்சியை அழைத்துப் போனான். அதுவரை வழக்கம்தான். ஆவணி பிறந்ததும் அவளைத் திரும்பக் கொண்டு வருவது யார் என்பதில்தான் வந்தது வினை. நம்பிராஜன் ஊரில், பெண் வீட்டார் பலகாரத்தோடு கொண்டுவந்து விடுவார்கள். பேராச்சி ஊரில், மாப்பிள்ளை வீட்டார் போய்க் கூப்பிட வேண்டும். இரண்டும் திருநெல்வேலிச் சீமைதான். நடுவே ஓர் ஆறு, அவ்வளவு. இவன் அவர்கள் கொண்டு வருவார்கள் என்று இருந்தான். அவர்கள் இவன் வந்து கூப்பிடுவான் என்று இருந்தார்கள். ஆவணி போயிற்று. புரட்டாசியும் பாதி போயிற்று.

நானும் நம்பிராஜனும் ஒரே தோல் பதனிடும் ஷாப்பில், தோலை மயிர் கழிய ஊறப்போடும் ஒரே சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தோம். அடுத்தடுத்த அறையில் குடியிருந்தோம். சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் அவன் பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் கேட்காது. பேராச்சி இருந்த ஒரு மாதத்தில் அந்தச் சுவர் வழியே சிரிப்பும் சண்டையும் வந்துகொண்டே இருந்தன. அதனால் வித்தியாசம் தெரிந்தது.

மன்சூர் அலி எங்கள் சந்து முனையில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். யுத்த காலம் ஆனதால் டயர், டியூப் ஒன்றும் கிடைக்கவில்லை. பழைய டயர் தேடிப் புனாவுக்குப் போனவர், அங்கே பிரம்மநாயகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். கடை வாசலில் ஏழெட்டுப் பேர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சேதியைச் சொன்னார்.

“வே நம்பி, ஒம்ம மச்சினனைப் பாத்தேன்.”

“என்ன சொன்னாரு?”

“மாப்பிள்ளைக்கு ரயில் ஏற நேரமில்ல போலுக்கு, சைக்கிள்லயாவது கண்டாலா மலை ஏறி வரச் சொல்லும், தங்கச்சியை அனுப்புதேன்னு சொன்னான்.”

“சிரிச்சுக்கிட்டா சொன்னாரு?”

“பின்ன, மச்சினன் அழுதுக்கிட்டா சொல்லுவான்?”

டீ குடித்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைக்கும் மச்சினனுக்கும் நடுவில் கேலி உண்டு. அதற்குப் பதில் கொடுக்காவிட்டால் அது நிலைத்துவிடும். பேரன் பேத்தி எடுத்த பிறகும் கல்யாணப் பந்தியில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நம்பிராஜன் டம்ளரைக் கீழே வைத்தான்.

“தீபாவளிக்கு வாரேன்னு சொல்லி அனுப்பும் பாய். சைக்கிள்லயே வாரேன்.”

மறுநாள் குழியில் நின்றுகொண்டு என்னைக் கேட்டான்.

“அண்ணாச்சி, நீங்களும் வரணும். பொண்ணைக் கூப்பிட நம்ம பக்கத்துல ஒரு பெரியாளு வேணும்லா?”

“சைக்கிள் மிதிக்க எனக்கு மூட்டு எங்கடே இருக்கு?”

“மூட்டுக்கு நல்லெண்ணெய் வாங்கித் தாரேன்.”

“அதைத் தோசையில ஊத்தினாலாவது பிரயோசனம் உண்டு.”

கடைசியில் சரி என்றேன். தீபாவளிக்கு ஷாப்பில் நாலு நாள் லீவு. எனக்குத் தூங்குவதைத் தவிர வேறு ஜோலி இல்லை. தூங்கியிருக்கலாம் என்று பிறகு பல தடவை நினைத்தேன்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் மன்சூர் அலி கடை வாசலில் உட்கார்ந்து யோசனைதான். அவர் சாக்குக்கட்டியால் பலகையில் வழியை வரைந்தார். சயான், தாணா, பன்வேல், கோபோலி. கோபோலிக்குப் பிறகு பாம்பு மாதிரி கோட்டை வளைத்துக்கொண்டே போய், பலகையில் இடம் போதாமல் கதவு நிலையிலும் வரைந்தார்.

“இங்க ஒரு வளைவு இருக்கு. லாரியே அழும்” என்றார்.

“அழட்டும். நாம விடியக்காலம் ஏறிருவோம். வெயில் இருக்காது” என்றான் நம்பிராஜன்.

எங்கே சாப்பிடுவது, எங்கே தங்குவது, கருப்பட்டி எவ்வளவு, பேராச்சிக்கு மாதுங்காவில் எடுத்த சேலையை நனையாமல் எதில் சுற்றுவது என்று எல்லாம் பேசினோம். சுண்ணாம்பில் ஊறிப் பாளம் பாளமாய் வெடித்த பாதத்தோடு எப்படி மிதிப்பது என்பதற்குக்கூட வழி கண்டுபிடித்தோம். கால் பெடலில் பழைய சாக்கைச் சுற்றிக்கொண்டால் வலி தெரியாது. எல்லாம் ஏறுவதைப் பற்றித்தான். மன்சூர் அலிதான் ஒருநாள் கேட்டார்.

“ஏறிருவீரு. எறங்குவீரா?”

நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“திரும்பி வரும்போது கேரியர்ல பேராச்சி இருப்பா. என் சைக்கிள்ல பிரேக்குக்கு ரப்பர் கட்டை கிடையாது. எல்லாம் தேஞ்சு போச்சு. பஜார்ல காசு கொடுத்தாலும் கிடைக்கல. பிரேக் நிக்காம சைக்கிள் தரமாட்டேன், சொல்லிட்டேன்.”

நம்பிராஜன் சிரித்தான். “ரப்பர் இல்லாட்டா என்ன பாய்? நாங்க என்ன வேலை பாக்கோம்?”

தோலில் பிரேக் கட்டை செய்வது என்று முடிவாயிற்று. அதில்தான் நாங்கள் தப்புச் செய்தோம். வேறு எவனாவது செய்திருந்தால் கையில் கிடைத்த பழைய செருப்புத் தோலை வெட்டி வைத்திருப்பான், ஒருவேளை நின்றிருக்கும். நாங்கள் தோல்காரர்கள். சொந்தக் காரியத்துக்கு மட்டமான தோலை எடுக்க மனசு வருமா? ஷாப்பிலேயே உசந்த எருமைத்தோல், பட்டைச் சாற்றில் மாசக்கணக்கில் கிடந்து, மீனெண்ணெய் நன்றாகக் குடித்து, கையில் பிடித்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். அதில் ஓரத்துத் துண்டை மேஸ்திரியிடம் கெஞ்சி வாங்கி வந்தோம். நம்பிராஜன் அதை நாலு மடிப்பாக ஒட்டி, அழகாக வெட்டி, விளிம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கினான். பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். மன்சூர் அலிகூடத் தடவிப் பார்த்துவிட்டு, “கல்யாணச் செருப்பு மாதிரி இருக்குவே” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சயான் கோட்டை மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்தோம். நம்பிராஜன் மேலிருந்து வந்தான். பிரேக்கைப் பிடித்தான். எண்ணெய் குடித்த தோல் ரிம்மோடு சிநேகமாகப் போயிற்று. சைக்கிள் இன்னும் வேகமாக வந்தது. கீழே புல் ஏற்றின மாட்டுவண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதில் போய் விழுந்ததால் பிழைத்தான். வண்டிக்காரன் மராட்டியில் வைத வசவு எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதுமாயிருந்தது.

மன்சூர் அலி புல்லைத் தட்டிவிட்டார். “நல்ல தோலு. பொண்ணு கன்னம் மாதிரி. அதை வச்சு எவனாவது பிரேக் போடுவானா?”

அப்புறம்தான் பதனிடாத காய்ந்த தோலை வைத்து இரண்டு சைக்கிளுக்கும் கட்டினோம். கட்டை மாதிரி விறைப்பாக இருந்தது. நன்றாக நின்றது. ஆனால் வாடை அடித்தது. மறுநாள் முதல் சைக்கிளை எங்கே நிறுத்தினாலும் நாய்கள் வந்து சுற்றிக்கொண்டன.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் புறப்பட்டோம். தாணா தாண்டும்வரைக்கும் நாய்கள் மாறி மாறித் துரத்தின. நம்பிராஜன், “அண்ணாச்சி, துரத்துறதுனால சீக்கிரம் வந்துட்டோம் பாத்தியளா?” என்றான். ராணுவ லாரிகள் வரிசையாகப் போயின. புழுதியில் எங்கள் முகம் எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. அன்றைக்குக் கோபோலியில் ஒரு கோயில் மண்டபத்தில் படுத்தோம். விடியும்போது மலையடிவாரத்தில் நின்றோம். ரோடு மேலே போய் ஒரு திருப்பத்தில் மறைந்தது. அதற்கும் மேலே ரயில்பாதையில் புகை வந்துகொண்டிருந்தது.

நம்பிராஜன் ஏறி உட்கார்ந்து மிதித்தான். முதல் வளைவு வரை போனான். இரண்டாவது வளைவில் எழுந்து நின்று மிதித்தான். அதற்கு மேல் சைக்கிள் நகரவில்லை. பின்னால் நான் ஏற்கெனவே இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். அவனும் இறங்கினான். மலை முழுவதும் தள்ளினோம். நடுவில் கொஞ்சம் சமமாக வந்த இடத்தில் அவன் மறுபடி ஏறி இருபது அடி மிதித்துப் பார்த்துவிட்டு இறங்கினான்.

ரோட்டோரம் உட்கார்ந்து கருப்பட்டியைக் கடிக்கும்போது கேட்டான்.

“அண்ணாச்சி, தள்ளிக்கிட்டு வந்தா ஏறி வந்ததா ஆகுமா?”

“உன் மச்சினன் மிதிச்சுன்னு சொன்னானா, ஏறின்னு சொன்னானா?”

“ஏறின்னுதான்.”

“பின்ன என்னடே?”

“நான் அதைக் கேக்கல அண்ணாச்சி. பேராச்சி வரமாட்டேன்னு சொல்லிட்டா என்ன செய்யன்னு கேக்கேன்.”

அவன் இத்தனை நாளும் மச்சினனைப் பற்றித்தான் பேசினான். பேராச்சி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதை அன்றைக்குத்தான் வெளியில் சொன்னான். மூன்று மாசம் கூப்பிடாமல் இருந்தவன்.

சாயங்காலம் கிர்க்கி போய்ச் சேர்ந்தோம். பிரம்மநாயகம் வாசலில் பனியனோடு நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தான். ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவன், அப்போதுதான் எழுந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் வாய் நுரையோடு நின்றுவிட்டான்.

“என்ன மாப்பிள்ள இது கோலம்? ரயில்ல கூட்டமா?”

“சைக்கிள்ல வந்தேன். மலை ஏறி.”

“எதுக்கு?”

“நீருதானே சொல்லி விட்டீரு?”

பிரம்மநாயகம் யோசித்தான். “நானா? எப்ப?” என்றான். பிறகு ஞாபகம் வந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “அட கிறுக்கு மாப்பிள்ள!”

நான் என் கடமையைச் செய்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியாளாகப் பாயில் உட்கார்ந்து, “பொண்ணைக் கூப்பிட வந்திருக்கோம்” என்றேன். பேராச்சி கதவுக்குப் பின்னாலிருந்து வந்து தண்ணீர்ச் செம்பை வைத்தாள். வைத்த வேகத்தில் பாதித் தண்ணீர் பாயில் சிந்தியது.

“ஆவணி பொறந்த அன்னைக்கே பொட்டி கட்டிட்டேன்” என்றாள். எங்கள் மூன்று பேரையும் பொதுவாகப் பார்த்துச் சொன்னாள். “உள்ள வச்ச முறுக்குல எறும்பு ஏறி, அவுத்துத் தட்டிட்டுத் திரும்பக் கட்டினேன். புரட்டாசியில இன்னொருக்க கட்டினேன். அண்ணன், அவிய வந்து கூப்பிடட்டும்னு இருக்கான். அவிய, அண்ணன் கொண்டாந்து விடட்டும்னு இருக்காவ. என்னைய ஒருத்தரும் கேக்கல. இப்ப சைக்கிள்ல வேற வந்தாச்சு.”

“பேராச்சி, நான் என்ன சொல்லுதேன்னா…” என்றான் நம்பிராஜன்.

“ஒண்ணும் சொல்லாண்டாம். கால்ல ரத்தம் வருது. போய்க் கழுவுங்க.”

மறுநாள் தீபாவளிக் காலையில் எண்ணெய் வைத்துக் குளிக்கச் சொன்னாள். அவன் கொண்டுவந்த சேலையைக் கட்டிக்கொண்டாள். இட்லியும் கறியும் போட்டாள். வருவேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை. நம்பிராஜன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். இலையில் என்ன விழுந்தது என்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டான்.

சாப்பிட்ட களைப்பில் மூன்று ஆண்களும் தூங்கிப்போனோம். நான் விழித்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. வீட்டில் பேராச்சி இல்லை. டிரங்குப் பெட்டியும் இல்லை. பக்கத்து வீட்டு மராட்டியப் பெண் வந்து, தாதருக்குப் போகும் தன் தம்பி குடும்பத்தோடு அவள் ரயில் ஏறிப் போய்விட்டதாகச் சொன்னாள்.

“தனியாவா?” என்றான் பிரம்மநாயகம். “நாங்க அனுப்பவே இல்லையே!”

நம்பிராஜன் இடுப்பைத் தடவிப் பார்த்தான். “வீட்டுச் சாவி எங்கிட்டல்லா இருக்கு” என்றான். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் தாராவிக்குத்தான் போனாளா, வேறு எங்கேயாவது போனாளா என்று கேட்க அவனுக்குப் பயம். அதனால் சாவியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு எந்த ரயிலிலும் சைக்கிளை ஏற்ற விடவில்லை. எல்லாம் சிப்பாய்கள். மறுநாள் காலையில்தான் ஒரு ரயில் கார்டு மனம் இரங்கிச் சாமான் பெட்டியில் போடச் சொன்னார். மலையை நாங்கள் ரயிலில் இறங்கினோம். ஜன்னல் வழியாகக் கீழே அந்த ரோடு தெரிந்தது. நம்பிராஜன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சந்து முனையில் மன்சூர் அலி கடை மூடியிருந்தது. எங்கள் அறைகள் இருந்த சால் கட்டடத்தின் முன்னால் நாலைந்து பெண்கள் நின்றார்கள். நம்பிராஜன் சைக்கிளை என் கையில் தள்ளிவிட்டு ஓடினான். அவன் அறைக் கதவு திறந்து கிடந்தது. நாதாங்கி வளைந்து தொங்கியது. மன்சூர் அலி சுத்தியலோடு வெளியே வந்து, “நான் என்ன செய்ய? இப்ப வந்து பூட்டை ஒடைக்கச் சொன்னா, ஒடைச்சேன். ராத்திரி பக்கத்து வீட்டு அக்கா கூடப் படுத்திருக்கா” என்று என்னிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

உள்ளே பேராச்சி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே, வாசலில் நின்றவனைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

“புதுப் பூட்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. ரெண்டு சாவி உள்ளதா பாத்து வாங்குங்க.”